யோகராணி வைன் கொப்பளித்த கதை

ஒஸ்லோவின் ஒதுக்குப்புறத்தில், குரோருட் பக்கத்து வணிக வளாகமொன்றில் இருக்கும் வைன் கடையில், காசு வாங்கும் மேசையில் இருப்பவள் யோகராணி. நோர்வேயில் வைனை அரசாங்கக் கடையில் மட்டும்தான் வாங்கலாம். சனிக்கிழமை பின்னேரம் பூட்டினால் பிறகு திங்கட்கிழமைதான் திறப்பார்கள். அதனால் வெள்ளி மத்தியானத்தில் இருந்தே அங்கே வரிசை நீளும். யோகராணிக்கு அந்த வரிசை பிடிக்கும். கலியாணம் முடித்து வந்த புதிதில், வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் தொழிற்சாலையில் விரல் விறைக்க மீன் வெட்டியவள் அவள். அப்போது நாள் முழுக்கக் கண்முன்னால் வந்து போனவை மீன்கள். இங்கே வந்து போவது மனித முகங்கள்.

ஆனாலும் அந்த மேசையை விட்டு எழும்பவேண்டும் என்ற ஆசை அவளுக்குள் கிடந்தது. கடையில் ஆலோசகர்கள் என்று சிலர் இருந்தார்கள். அவர்கள் ஓரிடத்தில் இருப்பதில்லை. போத்தல் அடுக்குகளுக்கு நடுவில் நடமாடுவார்கள். எதை வாங்குவது என்று தெரியாமல் முகத்தைச் சுருக்கிக்கொண்டு ஒருவர் வருவார். என்ன சாப்பாடு, எத்தனை பேர், முன்பு எது பிடித்தது என்று ஆலோசகர் விசாரிப்பார். பிறகு ஒரு போத்தலை எடுத்துக் கையில் கொடுப்பார். வந்தவரின் முகச்சுருக்கம் அவிழ்ந்துவிடும். அவிழ்ந்த முகத்தோடுதான் அவர் யோகராணியிடம் வந்து காசு கொடுப்பார். அதை அவிழ்ப்பவளாகத் தான் இருக்கவேண்டும் என்று அவள் நினைத்தாள். ஐம்பதை நெருங்கும் ஒருத்திக்கு இது பெரிய ஆசையா, சின்ன ஆசையா என்று அவளுக்கே தெரியவில்லை. கடை மேலாளர் மாரித்திடம் ஒருநாள் சொல்லிவிட்டாள். மாரித் உடனே ஆலோசகர் படிப்பில் சேர்த்துவிட்டாள்.

எழுத்துப் பரீட்சை அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. எந்த நாட்டில் எந்தத் திராட்சை, எந்த ஆற்றங்கரையில் எந்த மண் என்று ரயிலில் போகும்போதும் வரும்போதும் பாடமாக்கி எழுதிச் சித்தியடைந்தாள். இடறியது ருசிப் பரீட்சையில். ஐந்து கிளாஸ் வைன் வைப்பார்கள். ஒவ்வொன்றையும் வாய் நிறைய எடுத்து, நாக்கிலும் பல்முரசிலும் உருட்டி, பக்கத்துக் கோப்பையில் துப்பிவிட்டு, என்ன மணம், என்ன ருசி, எந்த நாட்டு வைன் என்று எழுதவேண்டும்.

யோகராணி குடிப்பவள் அல்ல. ஐந்து கிளாசை விழுங்க அவளால் ஏலாது. பத்துப்பேருக்கு நடுவில் இருந்துகொண்டு துப்பவும் ஏலாது. கோப்பையை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாலே கழுத்து கூசியது. ஆகவே அவள் ஒவ்வொரு கிளாசிலும் உதட்டை மட்டும் நனைத்தாள். நனைத்த உதட்டை வைத்து என்னத்தை எழுதுவது? ஒன்று ஸ்பானிய வைன்; அப்படியானவற்றில் தேங்காய் மணக்கும் என்று புத்தகத்தில் எழுதியிருந்தார்கள். யோகராணி அதில் தேங்காயைத் தேடு தேடென்று தேடினாள். திருவலையில் திருவிய தேங்காயின் மணம் அவளுக்குத் தெரியாதா? இல்லவே இல்லை. 'தேங்காய் இல்லை' என்று கோடு போட்டு எழுதிவிட்டு வந்தாள்.

பரீட்சையில் தோற்றாள். அடுத்தது புரட்டாதியில் வரும். அதிலும் தோற்றால் மேசையோடே இருக்கவேண்டியதுதான். மூன்றாந்தரம் யாரையும் விடுவதில்லை.

அந்த வைகாசியில் கடை ஆட்கள் நான்கு பேர் ஸ்பெயினில் வைன் செய்யும் ஊர்களைப் பார்க்கப் புறப்பட்டார்கள். கம்பனிகளிடம் எதையும் இலவசமாக வாங்கக்கூடாது என்பது கடைச் சட்டம். அதனால் அவரவர் செலவு. தானும் வருவதாக யோகராணி பெயர் கொடுத்துவிட்டு, வீட்டில் வந்து சொன்னாள். அவளுடைய கணவர் ரவீந்திரன் பஸ் ஓட்டுபவர். வேலை முடிந்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஸ்பெயினுக்கோ? எனக்கு லீவு இல்லையே."

"உங்களை ஆர் கூப்பிட்டது? கடை ஆக்களோடை போறன். படிக்க."

"என்னத்தைப் படிக்க?"

"வைனை."

ரவீந்திரன் கோப்பையை வைத்தார். பிறந்தநாள் விழாக்களில் மண்டபத்து மூலையில் விஸ்கி கிளாசோடு நின்று உலக அரசியல் கதைப்பவர் அவர்.

"நீர் அங்கை வைன் குடிப்பீர். நான் இஞ்சை தனிய இருந்து தோசை சுட்டுத் தின்னவேணும்."

"மா அரைச்சு வைச்சிட்டுத்தான் போவன். சுடுறது மட்டும் நீங்கள்."

"சனம் கேட்டால் என்ன சொல்ல?"

"வேலை விசயமாப் போயிட்டா எண்டு சொல்லுங்கோ. பொய்யில்லைத்தானே."

"பொய்யில்லை. அதுதான் நம்பமாட்டினம்," என்றார் ரவீந்திரன். பிறகு அவரே பரணில் ஏறிப் பயணப்பெட்டியை இறக்கிக் கொடுத்தார்.

ரியோஹா என்ற பகுதிக்குத்தான் முதலில் போனார்கள். எப்ரோ ஆற்றின் இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம் திராட்சைத் தோட்டம். குளிருக்குப் பிறகு துளிர்விட்ட இளம்பச்சை. செடிகள் இடுப்பளவுகூட இல்லை; அடிமரம் மட்டும் கிழவனின் முழங்கை போல முறுக்கி நின்றது. இந்தக் குள்ளச் செடிகளில் இருந்தா இவ்வளவு போத்தல்களும் குரோருட்டுக்கு வந்து சேருகின்றன என்று யோகராணி வாகன யன்னலால் பார்த்துக்கொண்டே வந்தாள்.

எமிலியோ, பெலிசா என்ற கணவன் மனைவியின் வீட்டு மாடியில் தங்கினார்கள். வீட்டுக்குக் கீழே பாறையைக் குடைந்த நிலவறை. அங்கேதான் பீப்பாய்கள். எமிலியோ விளக்கம் சொல்ல, ஸ்பானிய மொழி தெரிந்த மாரித் அதை நோர்வேஜிய மொழியில் சொன்னாள். தெம்பிரனியோ என்ற கறுப்புத் திராட்சைதான் இங்கே பிரதானம். பீப்பாயில் ஒரு வருடம் கிடந்தால் கிரியன்சா, இன்னும் கூடுதலாகக் காத்திருந்தால் ரெசெர்வா. இதெல்லாம் யோகராணிக்குப் பாடம். புத்தகத்தில் படித்தது கண்முன்னால் மர வாசத்தோடு அடுக்கி வைத்திருந்ததைப் பார்க்க அவளுக்குச் சந்தோசமாக இருந்தது.

பிறகு பெலிசா கிளாஸ்களோடு வந்தாள். வார்த்துக் கொடுத்தது அவள்தான். நடுவில் ஒரு வாளி. மாரித் வாய் நிறைய எடுத்து, கன்னத்தை அசைத்து, பூக்கன்றுக்கு விடும் தண்ணீர் மாதிரி மெல்லிய கோடாக வாளிக்குள் துப்பினாள். மற்றவர்களும் அப்படியே. யோகராணியின் முறை வந்தது. பெலிசா கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஒருத்தி தன் கையால் வார்த்துத் தந்ததை, அவள் பார்த்துக்கொண்டு நிற்க, அவளுடைய முகத்துக்கு முன்னால் துப்புவதா? வீட்டுக்கு வந்த ஒருவர் தான் கொடுத்த தேத்தண்ணியை அப்படிச் செய்தால், அந்த ஆளை யோகராணி பிறகு வாசலில்கூட ஏற்றமாட்டாள். உதட்டை நனைத்துவிட்டு வைப்பதும் மரியாதையில்லை. அவள் விழுங்கினாள்.

பெலிசாவின் முகம் மலர்ந்தது. இந்தக் கூட்டத்தில் ஒருத்தியாவது குடிக்கிறாளே என்று நினைத்திருப்பாள். அடுத்ததைக் கொஞ்சம் தாராளமாகவே வார்த்தாள். அதையும் யோகராணி விழுங்கினாள். அதற்கடுத்த இரண்டையும்.

மேலே முற்றத்துக்கு வந்தபோது வெயில் கொஞ்சம் சரிந்து நிற்பதுபோல இருந்தது. வெட்டிக் காயவைத்த திராட்சைக் கொடிகளை எரித்து, அந்தத் தணலில் எமிலியோ ஆட்டு விலா எலும்புகளை வாட்டிக்கொண்டிருந்தான். யோகராணி நேரே போய் அவனுடைய கையில் இருந்த இடுக்கியை வாங்கினாள்.

"இதென்ன இது, ஒரு பக்கம் கருகுது, நீங்கள் கதை சொல்லிக்கொண்டு நிக்கிறியள்," என்றாள் தமிழில். "பிள்ளை, மிளகு இருந்தால் கொஞ்சம் எடுத்து வா."

பெலிசா ஸ்பானிய மொழியில் ஏதோ பதில் சொன்னாள். யோகராணி அதற்குத் தமிழில் மறுமொழி சொன்னாள். ஒருத்தி சொன்னது மற்றவளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. இருந்தாலும் இறைச்சி முழுக்க வாட்டி முடியும்வரை கதை நிற்கவில்லை. மிளகு மட்டும் வரவில்லை. சாப்பிட்டு முடிந்த கையோடு யோகராணி கதிரையிலேயே நித்திரையாகிவிட்டாள்.

பொழுதுபட ரவீந்திரன் தொலைபேசியில் வந்தார்.

"என்ன, குடிச்சனீரோ?"

"ஓம். நாலு கிளாஸ்."



"நானே ரெண்டுக்கு மேலை போறேல்லை," என்றார்.

"துப்பிறதுக்கு வெக்கமாக் கிடந்ததப்பா."

"அதுக்காக விழுங்கிறதோ? பரீட்சையிலையும் விழுங்கப் போறீரோ?"

அவர் பகிடிக்குத்தான் கேட்டார். யோகராணிக்கு அது சுருக்கென்று தைத்தது. இவ்வளவு தூரம் வந்தது அதற்கு ஒரு வழி பிடிக்கத்தான். நாலு கிளாஸ் விழுங்கியும் எந்தக் கிளாஸ் எப்படி இருந்தது என்று ஒன்றும் நினைவில் இல்லை. இறைச்சி கருகியது மட்டும்தான் நினைவில் இருந்தது.

அடுத்தநாள் காலையில் தலை கனத்தது. எமிலியோ அவர்களைப் பீப்பாய் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். அமெரிக்க மரத்தில் செய்த வெறும் பீப்பாய் ஒன்றின் அடைப்பைக் கழற்றி, மூக்கை வைத்துப் பார்க்கச் சொன்னான். யோகராணி குனிந்து மணந்தாள். மரம். கொஞ்சம் வனிலா. பிறகு இன்னொன்று. அது எங்கேயோ தெரிந்த மணம். எங்கே என்று கண்ணை மூடி யோசித்தாள். குரோருட் கடைகளில், நோர்வேஜியர்கள் வட்டமான இனிப்பு ரொட்டிகளான பணிஸ்களுக்கு மேலே தூவுவதற்குப் பக்கற்றில் விற்கும் உலர்ந்த தேங்காய்ப்பூ.

"மாரித், புத்தகத்திலை சொல்லுற தேங்காய் இதோ?"

"வேறு எது?"

"இது தேங்காயே இல்லை. இது பணிஸ்."

மாரித் விழுந்து விழுந்து சிரித்தாள். இதை முதலே ஒருவராவது சொல்லியிருந்தால் தேங்காயைத் தேடி இவ்வளவு மினக்கெட்டிருக்கத் தேவையில்லை என்று யோகராணிக்கு மனவருத்தம். ஆனால் யாருக்குச் சொல்லத் தோன்றும்? அவர்களுக்கு அதுதான் தேங்காய்.

வார்த்துக் கொடுக்கும் நேரம் வந்ததும் அவள் பழையபடி உதட்டை மட்டும் நனைத்தாள். பெலிசாவின் முகம் வாடியதைக் கண்டும் காணாததுபோல நின்றாள். மணம் பிடிபட்டுவிட்டது, ருசி இன்னும் அந்தப் பக்கம்தான் நின்றது.

மத்தியானம் சாப்பாடு முடிந்தது. யோகராணி எழும்பி, முற்றத்து மூலையில் திராட்சைச் செடிகளின் ஓரமாக இருந்த தண்ணீர்க் குழாயடிக்குப் போனாள். சாப்பிட்டால் கை கழுவி வாய் கொப்பளிக்காமல் அவளுக்கு ஏலாது. மற்றவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குனிந்து, தண்ணீரை அள்ளி வாய்க்குள் உருட்டி, மண்ணில் உமிழ்ந்தாள். இரண்டாந்தரமும் உமிழ்ந்துவிட்டு நிமிர்ந்தபோது மாரித் பின்னால் நின்றாள்.

"உனக்குத் துப்ப வராது என்று நினைத்தேன். நன்றாகத்தானே துப்புகிறாய்."

"இது துப்பிறதில்லை. வாய் கொப்பளிக்கிறது."

"என்ன வித்தியாசம்?"

யோகராணி வாயைத் துடைத்தாள். வித்தியாசம் இருக்கிறதுதான். துப்புவது ஒருவரை அவமதிக்கிற காரியம். கொப்பளிப்பது சுத்தம்; அதைச் செய்யாமல் இருந்தால்தான் அசிங்கம். அதற்கு ஓர் ஒதுக்குப்புறம் வேண்டும், முதுகு திரும்பி நிற்கவேண்டும், ஓடுகிற தண்ணீர் வேண்டும். இதையெல்லாம் மாரித்துக்கு நோர்வேஜிய மொழியில் சொல்லிக்கொண்டு வரும்போதே அவளுடைய பேச்சு நின்றுவிட்டது. இவ்வளவும் இந்தக் குழாயடியில் இருக்கிறது. வாய்க்குள் இருப்பது தண்ணீராக இருந்தால் என்ன, வைனாக இருந்தால் என்ன?

மேசையில் இருந்த தன் கிளாசை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். முதுகைத் திருப்பினாள். வாய் நிறைய எடுத்தாள். முதலில் கன்னத்தின் உட்புறத்தில் புளிப்பு, எச்சில் ஊறியது. பிறகு சாயம் கூடிப்போன தேத்தண்ணி மாதிரி முரசைப் பிடித்து இழுக்கும் ஒரு துவர்ப்பு. அதற்குப் பிறகு பழம், முற்றிய செரிப் பழம். அவள் அவசரப்படாமல் உருட்டினாள். பிறகு குனிந்து குழாயைத் திறந்து கொப்பளித்தாள். வாயில் ஒன்றும் இல்லாதபோதும் ருசி கொஞ்சநேரம் நின்று, பிறகு எழும்பிப் போனது. 'பின்ருசி' என்று பாடமாக்கி வைத்திருந்தாளே, அது இதுதான்.

பெலிசா என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள். வைன் கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டாள். மாரித் விளக்கம் சொன்னாள். பெலிசா யோகராணியை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு முக்காலியையும் வெளுத்த துவாய் ஒன்றையும் கொண்டுவந்து குழாயடியில் வைத்துவிட்டு, அடுத்த கிளாசை வார்த்தாள்.

அங்கே இருந்த மிச்ச நேரமெல்லாம் யோகராணி நிலவறைப் படியில் ஏறி ஏறி இறங்கினாள். கீழே வாய் நிறைய எடுத்து, மேலே வந்து கொப்பளித்து, திரும்பக் கீழே போய் எழுதினாள். மற்றவர்கள் அவளை வைத்துப் பகிடி பண்ணினார்கள். "யோகராணி, ஒரு லிப்ட் போட்டுத் தரட்டோ?" என்று எமிலியோ கேட்டதாக மாரித் சொன்னாள். வாய் நிறைய வைன் இருந்ததால் யோகராணி கையால்தான் மறுமொழி சொல்ல முடிந்தது.

கடைசி இரண்டு நாளும் தெற்கே, கடற்கரையில் சன்லூக்கார் என்ற ஊரில். அங்கே மன்சனியா என்று ஒரு வெள்ளை வைன். பீப்பாயில் கிடக்கும்போது அதற்கு மேலே வெள்ளையாக ஒரு ஆடை படரும். அந்த ஆடைதான் காற்றுப் படாமல் அதைக் காப்பாற்றுகிறது. யோகராணி முற்றத்துத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஒதுங்கி நின்று வாயில் எடுத்தாள். இனிப்பு ஒரு பொட்டும் இல்லை. பாட்ஸ்பியோர்ட்டில் காற்றில் மீன் காயும் நாட்களில் உதட்டில் வந்து படியும் உப்பு மாதிரி ஒன்று நாக்கில் படிந்தது. அந்த ஊரை அவள் ஒருநாளும் ஆசையாக நினைத்ததில்லை. இப்போதும் ஆசை வரவில்லை. ஆனால் அங்கே பட்ட குளிரால் இப்படி ஒரு பிரயோசனம் இருக்கிறது என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. 'காய்ந்த மீன், உப்புக் காற்று' என்று எழுதினாள்.

புரட்டாதியில் பரீட்சை ஒஸ்லோ நகரத்துக்குள் நடந்தது. யோகராணி வேளைக்கே போய் மண்டபத்தைப் பார்த்தாள். பின்சுவரோடு ஒரு கைகழுவும் தொட்டி இருந்தது. பரீட்சை நடத்துபவரிடம் போனாள்.

"நான் கோப்பையில் துப்புவதில்லை. ஒவ்வொரு கிளாசுக்கும் எழும்பி அந்தத் தொட்டிக்குப் போகலாமா?"

"உடம்புக்கு ஏதாவது?"

"இல்லை. எனக்கு அப்படித்தான் வரும்."

அவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். எழும்பக்கூடாது என்று அதில் எங்கும் இல்லை. தொட்டிக்குக் கிட்ட ஒரு மேசையைக் காட்டினார்.

கதிரை ஒவ்வொரு தரமும் கிறீச்சிட்டது. மூன்றாவது கிளாசில் முன்னால் இருந்த பெடியன் திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். யோகராணிக்கு முகம் சூடானது. இப்படி ஊர் பார்க்க எழும்பி எழும்பிப் போவதற்குப் பேசாமல் கோப்பையில் துப்பியிருக்கலாமோ என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். வாய்க்குள் வைன் இருந்தது. நினைப்பை விட்டுவிட்டு அதைக் கவனித்தாள். பழம், மரம், பணிஸ் மணம். 'தேங்காய்' என்று எழுதினாள். நாலாவதை ஒரு இத்தாலி வைன் என்று பிழையாக எழுதியது பிறகுதான் தெரிந்தது. மற்ற நாலும் சரி.

சித்தியடைந்த செய்தியைச் சொன்னபோது ரவீந்திரன், "இனி நான் விஸ்கி குடிக்கேக்கையும் பக்கத்திலை நிண்டு விளக்கம் சொல்லுவீரோ?" என்று கேட்டார். அந்த ஞாயிறு யாரும் கேட்காமலே தோசையும் சுட்டார்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. யோகராணி மேசையில் இல்லை. ஆலோசகருக்கான மேலங்கியோடு அடுக்குகளுக்கு நடுவில் நின்றாள். பிரான்ஸ் பகுதிக்கு அந்தப் பக்கம் ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. பிறகு இத்தாலிப் பக்கம் எட்டிப் பார்த்தது. யோகராணி சுற்றிக்கொண்டு போய்ப் பின்னால் நின்றாள். அவர்களுடைய கட்டடத்திலேயே மேல்மாடியில் இருக்கும் புஷ்பமலரின் மகன் கீர்த்திகன். படித்து முடித்து நல்ல வேலையில் இருப்பவன்.

"என்ன தம்பி, ஒளிச்சுப் பிடிச்சு விளையாடுறியோ?"

"ஐயோ அன்ரி. நீங்கள் காசு வாங்கிற இடத்திலை இல்லை, அதாலை லீவெண்டு நினைச்சன்."

"இப்ப இஞ்சைதான். சொல்லு, என்ன சாப்பாடு?"

அவன் இரண்டு பக்கமும் பார்த்தான். "ஒரு பிள்ளையின்ரை வீட்டை போறன் அன்ரி. அவளின்ரை அம்மா அப்பாவை முதல்முதல் பாக்கப் போறன். ஃபோரிகோல் சமைக்கினமாம்."

ஆட்டிறைச்சியையும் கோவா எனும் முட்டைக்கோசையும் மிளகோடு அவித்து நோர்வேஜியர்கள் இந்த மாதத்தில் செய்யும் சாப்பாடு அது. கீர்த்திகன் கையில் ஏற்கெனவே ஒரு போத்தல் இருந்தது. அடுக்கில் இருந்ததிலேயே விலை கூடியது.

"அதை வை. அது மரத்துக்குள்ளை கன காலம் கிடந்தது. கோவாவோடை சண்டை பிடிக்கும். மிளகு கனக்கப் போடுவினமோ?"

"எனக்கென்னண்டு தெரியும்?"

"கேள். கையிலை போன் இருக்குத்தானே."

அவன் கேட்டான். மறுபக்கம் ஒரு பெண் சிரிப்பது கேட்டது. முழு மிளகு, ஒரு கை நிறைய. யோகராணி ரியோஹா அடுக்குக்குப் போய், கர்னாச்சாத் திராட்சையில் செய்த, மரம் அதிகம் படாத ஓர் இளம் வைனை எடுத்துக் கொடுத்தாள்.

"குளிர்ப்பெட்டியிலை கொஞ்ச நேரம் வைச்சு எடு. வீட்டுக்காரர் வார்த்தால், மணந்து பாத்திட்டுப் பிறகு குடி. ஒரே இழுவையிலை இழுக்காதை."

"இவ்வளவு மலிவாக் கிடக்கு. குறைவா நினைக்கமாட்டினமோ அன்ரி?"

"சாப்பாடு ருசியா இருந்தால் ஆர் விலையைப் பாக்கினம்?"

கீர்த்திகன் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வந்தபோது இருந்த முகச்சுருக்கம் பாதி அவிழ்ந்திருந்தது. மீதிக்கும் ஒரு காரணம் இருந்தது.

"அன்ரி, அம்மாட்டை மட்டும்..."

"தம்பி, இஞ்சை வாறவையின்ரை கதை வெளியிலை போகாது. அது கடைச் சட்டம்."

அவன் நெஞ்சில் கை வைத்துக் கும்பிடாத குறையாக நன்றி சொல்லிவிட்டுப் போனான். போன கிழமை புஷ்பமலர் தலைக்கு முக்காடுபோலச் சால்வையைச் சுற்றிக்கொண்டு வந்து, கேக்குக்குப் போட ஒரு சின்னப் போத்தல் வேண்டும், மகனுக்கு மட்டும் தெரியக்கூடாது என்று இதே இடத்தில் நின்று கேட்டாள். யோகராணி சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பினாள். போத்தல் அடுக்குக்கு முன்னால் ஒரு நோர்வேஜியக் கிழவர் கண்ணாடியைக் கழற்றுவதும் போடுவதுமாக நின்றார்.

"இரவுக்கு என்ன சமையல்?" என்று கேட்டுக்கொண்டு அவரிடம் போனாள்.